இடிந்தும் இடியாத கோட்டை

விளையாட்டுப் பெட்டியொன்றைப் பற்றி எழுதுவது இலக்கியப் பக்கத்துக்கு ஏற்குமா என்று இதனை வாசிக்கத் தொடங்கும் அன்பர் சிலர் ஐயுறக்கூடும். நானும் முன்னர் அவ்வாறு ஐயுற்றவனே. பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். காசு போட்டு ஆடும் பெட்டிகள் இருக்கும் பக்கம் மாணவர் தலைவைத்தும் படுத்தலாகாது என்று கண்டித்தவன். அத்தகைய பெட்டியொன்று என் எண்ணத்தை மாற்றிய கதையையும், அது என்னுள் எழுப்பிய வினா ஒன்றையும் வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். வாங்குவோர் அருகித் தொழிலே நலிந்துகொண்டிருக்கும் வேளையில், கைவினைஞன் ஒருவன் தன் முழுத் திறனையும் ஒரு படைப்பிற் செலுத்துவானாயின், அவ்வுழைப்பு வீணோ? இதுவே அவ்வினா.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாடொன்றுக்குச் சென்றிருந்தபோது, உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டுக் கூடத்துக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வரிசையாக நின்ற இயந்திரங்களுள் ஒன்றின் நடுவே, அகழியும் தூக்குப்பாலமும் கோபுரங்களும் கொண்ட சிறு கோட்டை ஒன்று நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் அவ்வியந்திரத்தை ‘மெடீவல் மட்னெஸ்’ என்றனர். ‘இடைக்காலப் பித்து’ என நாம் அதனைத் தமிழாக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயங்கிய வில்லியம்ஸ் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்போல் இயந்திரம் அது. அதனை வடிவமைத்தவர் பிறயன் எடி. ஆட்டத்தின் விதிகளைக் கணினி நிரலாக அமைப்பதில் அவரோடு உழைத்தவர் லைமன் ஷீற்ஸ். ஓவியங்களைத் தீட்டியோர் கிறெக் பிறீர்ஸ், ஜோன் யூசி என்னும் இருவர்.

கைத்திறனா, குருட்டு அதிர்ஷ்டமா?

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். கண்ணாடியால் மூடப்பெற்ற மரப்பலகை ஒன்று, ஆடுவோன் பக்கமாக ஏறத்தாழ ஆறரைப் பாகை சரிந்திருக்கும். 27 மில்லிமீற்றர் விட்டமும் 80 கிராம் நிறையும் உள்ள உருக்குக் குண்டு ஒன்று மேலிருந்து உருண்டு வரும். பலகையின் கீழ்ப்புறத்தில், ‘பிளிப்பர்’ எனப்படும் இரு சிறு துடுப்புகள் உள. பெட்டியின் இருமருங்கும் உள்ள பொத்தான்களை அழுத்தினால், மின்காந்தச் சுருள்கள் அத்துடுப்புகளை வெடுக்கென உயர்த்தும். அவற்றாற் குண்டை அடித்து இலக்குகளை நோக்கிச் செலுத்துவதே ஆட்டம். இரு துடுப்புகளுக்கும் இடையே குண்டு வீழ்ந்தொழிந்தால் அது கைவிட்டுப் போயிற்று. வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு மூன்று குண்டுகளே உண்டு.

இதன் மூதாதையாகிய ‘பகற்றெல்’ என்னும் மேசையாட்டம் பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சில் வழங்கியது. 1871ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய மொன்ரேகு றெட்கிறேவ் என்னும் ஆங்கிலேயர், குண்டைச் செலுத்துவதற்குச் சுருள்வில் பொருத்திய தண்டினை அமைத்து அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1931இல் சிக்காகோவில் டேவிட் கொற்லீப் வெளியிட்ட ‘பஃபிள் போல்’ என்னும் சிறு பெட்டி, பொருளாதார மந்தத்தால் வாடிய மக்களுக்கு ஒரு சதத்துக்குச் சற்று நேர இன்பத்தை விற்றது. அந்தப் பெட்டிகளில் துடுப்புகள் இல்லை. குண்டைச் செலுத்திய பின் ஆடுவோன் செய்யக்கூடியது பெட்டியைச் சிறிது அசைத்துப் பார்ப்பது ஒன்றுதான். ஆகவே இதனைச் சூது என்று கருதியோரைக் குறை கூறுவதற்கில்லை. 1942இல் நியூ யோர்க் மாநகரம் பின்போலைத் தடை செய்தது. நகர முதல்வர் லாகார்டியாவின் கட்டளைப்படி இயந்திரங்கள் சம்மட்டியால் உடைத்தெறியப்பட்டன. இவ்வியந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிய சிக்காகோ நகரத்திலேயே அவற்றை ஆடுவது பல்லாண்டுகள் தடைப்பட்டிருந்தமை இவ்வரலாற்றின் ஒரு விந்தை.

1947இல் ஹறி மப்ஸ் என்பவர் ‘ஹம்ட்டி டம்ட்டி’ என்ற இயந்திரத்திலே துடுப்புகளை முதன்முதற் பொருத்தினார். அன்றுதான் இவ்வாட்டம் சூதிலிருந்து பிரிந்தது எனலாம். வீழும் குண்டைத் தடுத்து நிறுத்தவும் குறிபார்த்து அடிக்கவும் மனிதனுக்கு ஒரு வழி பிறந்தது. ஆயினும் சட்டம் அதனை ஏற்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1976இல் றொஜர் ஷார்ப் என்னும் இளம் எழுத்தாளர், நியூ யோர்க் நகர மன்றக் குழுவினர் முன்னே ஓர் இயந்திரத்தை ஆடிக்காட்டினார். குண்டு எந்த வழியால் இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிச் செலுத்தினார்; அது அவ்வழியாலேயே இறங்கியது. தடை நீங்கிற்று. அந்த ஓர் அடியில் அதிர்ஷ்டமும் தமக்குக் கைகொடுத்தது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவ்வரலாற்றை நான் இங்கு விரித்தது காரணத்தோடுதான். திறமைக்கும் தற்செயலுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டில் நிற்பது பின்போல். அந்தக் கோட்டை எவ்விடத்தில் வரைவது என்று தீர்மானிப்பவன் வடிவமைப்பாளன். ‘மெடீவல் மட்னெஸ்’ அதனை எங்ஙனம் வரைந்தது என்பதை இனிக் காண்போம்.

ஆசையும் ஆபத்தும் ஒரே வழியில்

பின்போலில் இடைக்காலம் இடம்பெற்றது இதுவே முதன்முறையன்று. 1980இல் அதே வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக ஸ்ரீவ் றிச்சி வடிவமைத்த ‘பிளாக் நைற்’ என்னும் இயந்திரம், இரண்டு தட்டுகளாக அமைந்த ஆடுபலகையாலும், ஆடுவோனை இகழ்ந்து பேசும் கருங்கவச வீரனின் குரலாலும் புகழ்பெற்றது. ஆனால், ‘மெடீவல் மட்னெஸ்’ இயந்திரத்தின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்ததன்று. எடி தாமே 1995இல் அமைத்த ‘அற்றாக் ஃபுறொம் மார்ஸ்’ என்னும் இயந்திரத்தில், செவ்வாய்க் கிரகத்தவரின் பறக்கும் தட்டு ஒன்று பலகையின் நடுவே நின்றது. அந்தத் தட்டு நின்ற இடத்திலே இரண்டாண்டு கழித்து அவர் கோட்டையை எழுப்பினார்.

கோட்டையைப் பலகையின் நடுவே, இரு துடுப்புகளுக்கும் நேரெதிரே வைத்தமைதான் இவ்வமைப்பின் உயிர்நிலை. புதிதாக ஆட வருபவன் விதிகளை வாசிக்கத் தேவையில்லை. கோட்டை கண்முன்னே நிற்கிறது. அதனை இடிக்க வேண்டும் என்று எவரும் சொல்லாமலே அறிகிறான். ஆனால், மூடிய தூக்குப்பாலத்தின்மீது விசையோடு மோதும் குண்டு, அதே விசையோடு நேராகத் திரும்பி வந்து, துடுப்புகளின் இடைவெளியை நோக்கி விரையும். எதனை அடிக்க மனம் அதிகம் அவாவுகிறதோ, அதனை அடிப்பதிலேயே அழிவும் அதிகம் இருக்கிறது. கோணலாக அடித்தவன் தோற்பான். ஆத்திரத்தில் அடித்தவனும் தோற்பான்.

தொடர்ந்து அடிபட்டால் தூக்குப்பாலம் மெல்ல இறங்கும். உள்ளே இரும்புக் கிராதிக் கதவு ஒன்று தடுத்து நிற்கும். அதனையும் தகர்த்து, குண்டை வாயிலினுள்ளே செலுத்தினால், கோபுரங்கள் உண்மையாகவே அதிர்ந்து சாயும்; விளக்குகள் பளீரிடும்; கோட்டைத் தலைவனின் ஓலம் கேட்கும். அடுத்தடுத்து வரும் கோட்டைகளின் காவல் மேலும் மேலும் கடுமையாகும்.

தமிழ் படித்த எவர்க்கும் இவ்விடத்தில் உழிஞைத்திணை நினைவுக்கு வராதிராது. அரணை முற்றுதலையும் கொள்ளுதலையும் உழிஞை என்று வகுத்தார் தொல்காப்பியர். அரண் காப்போரின் செயலை நொச்சி எனத் தனித்திணையாகப் பிரித்துக் கூறும் புறப்பொருள் வெண்பாமாலை. இந்தப் பெட்டியில் உழிஞை சூடுபவன் ஆடுவோன்; நொச்சி சூடி நிற்பது இயந்திரம். அகழி, வாயில், மதில் என முறைமுறையாக முன்னேறும் அந்த ஒழுங்கை எடி நம் இலக்கணத்திலிருந்து பெற்றாரல்லர். முற்றுகை என்ற செயலுக்கு உலகெங்கும் ஒரே இயல்புதான் உண்டு போலும்.

கோட்டையின் இருபுறமும் ஏனைய இலக்குகள் விசிறிபோல விரிந்திருக்கின்றன. சரிவுப்பாதைகளில் ஒன்றிற் குண்டை ஏற்றினால் கோபுரத்திலே சிறைப்பட்ட நங்கையை மீட்கலாம். மற்றொன்றில் ஏற்றினால் குடியானவரைக் கிளர்ந்தெழச் செய்யலாம். பலகையின் விளிம்புகளைச் சுற்றி ஓடும் வழிகள் குதிரைவீரரின் ஈட்டிப்போருக்கு உரியவை. கவண்பொறிக்கு ஒரு வழியும், மந்திரவாதி மேர்லினுக்கு ஒரு குழியும் உள. கோட்டைக்கு முன்னே, பலகையின் அடியிலிருந்து இரண்டு பூதத் தலைகள் திடீரென மேலெழுந்து வழிமறிக்கும். இவை யாவற்றையும் எட்டுவதற்கு இருப்பவை அந்த இரண்டு துடுப்புகளே. கருவியிற் சிக்கனமும் பொருளிற் பெருக்கமும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

கோட்டைகள் ஆறினை இடித்து, நங்கையர், குடியானவர், பூதங்கள், ஈட்டிப்போர், கவண்பொறி ஆகிய துறைகளிலும் வெற்றிபெற்றவனுக்கே இறுதிப் போர் திறக்கும். ஒரு கோட்டையை இடிப்பது ஆர்வமுள்ள எவர்க்கும் இயலும். இறுதிப் போரைக் காண்பது பல்லாண்டு பயின்றார்க்கும் அரிது. ஷீற்ஸ் நிரல் எழுதுபவர் மட்டுமல்லர். போட்டிகளில் வென்ற சிறந்த ஆட்டக்காரரும் ஆவார். தொடக்கக்காரனுக்கும் வல்லவனுக்கும் ஒரே பெட்டியில் இடமளித்த அந்த நுட்பம், ஆடியறிந்த கையிலிருந்து பிறந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

சிரிப்பின் பணி

இடைக்காலக் காதையை எடியும் அவருடைய குழுவினரும் பயபக்தியோடு கையாளவில்லை. கோட்டைத் தலைவர்களின் பெயர்களே நகைப்புக்கு உரியவை. ‘பூர்பொன் கோமகன்’ என்று ஒருவன். அஃது ஓர் அரச வம்சத்தின் பெயர், ஒருவகை மதுவின் பெயரும் கூட. ‘பேயின் வேந்தன்’ என்று மற்றொருவன். அப்பெயரைச் செவியாற் கேட்டால் ஆங்கிலத்தில் வலி என்றே பொருள்படும். குதிரைவீரரின் பெருமிதமும் மன்னரின் ஆணவமும் இங்கே கேலிக்குள்ளாகின்றன. குடியானவரின் கிளர்ச்சி வெற்றிகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது.

குரல் கொடுத்தோர் சிக்காகோவின் ‘செக்கன்ட் சிற்றி’ நகைச்சுவை அரங்கைச் சேர்ந்த நடிகர். அவர்களுள் ஒருவர் ரீனா ஃபே. பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் முன்னணி நகைச்சுவை எழுத்தாளருள் ஒருவராகத் திகழ்ந்த அவர், அன்று பரவலாக அறியப்படாதவர். மீட்கப்படும் நங்கையருக்கு அவர் அளித்த குரலில், பழைய கதைகளில் வரும் மெல்லியலாரின் நாணமும் நடுக்கமும் இல்லை. குறும்பும் துடுக்கும் உண்டு.

இந்தச் சிரிப்பு வெறும் ஒப்பனையன்று. குண்டை இழந்து சலிப்புறும் ஆட்டக்காரனை இன்னொரு முறை ஆடத் தூண்டுவது அது. தோற்றவனும் சிரித்துக்கொண்டே நிற்கிறான். என் வகுப்பறைகளில் இந்த உண்மையை நான் காலந்தாழ்த்தியே கற்றேன்.

அந்திக் காலத்துப் படைப்பு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1992இல் அதே நிறுவனக் குழுமத்திலிருந்து வெளிவந்த ‘அடம்ஸ் ஃபமிலி’ என்னும் பின்போல் இயந்திரம் 20,270 பெட்டிகள் செய்யப்பட்டன. ஐந்தாண்டு கழித்து வந்த ‘மெடீவல் மட்னெஸ்’ இயந்திரத்தில் 4,016 பெட்டிகளே செய்யப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டின் ‘கக்ரஸ் கன்யன்’ இயந்திரத்தில் 903 மட்டுமே. வீடுகளில் வைத்தே ஆடத்தக்க ஒளித்திரை விளையாட்டுகள் பெருகின; தெருவோர விளையாட்டுக் கூடங்கள் வெறிச்சோடின. மரம், உருக்கு, றப்பர், கம்பிச்சுருள் ஆகியவற்றாற் செய்யப்படும் பின்போல் பெட்டி விலையுயர்ந்தது. அடிக்கடி பழுது பார்க்கப்பட வேண்டியது. 1999 ஒக்ரோபரில் வில்லியம்ஸ் நிறுவனம் தன் பின்போல் பிரிவையே மூடிவிட்டு, அதிக இலாபந்தரும் சூதாட்ட இயந்திரங்களிற் கவனஞ் செலுத்தியது. சூதென்று ஒருகாலத்திற் பழிக்கப்பட்டுத் தன் திறமையை நிறுவி மீண்ட ஒரு விளையாட்டு, இறுதியில் உண்மைச் சூதின் இலாபத்துக்கு இடங்கொடுத்து ஒதுங்கியது. இதனினும் கசப்பான முரணை நான் அறியேன். அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு மேலாக, ஸ்ரேர்ன் என்னும் ஒரே நிறுவனம் மட்டுமே இத்தொழிலைப் பேரளவில் நடத்தி வந்தது.

ஆயின், பெட்டிகள் அழிந்தொழியவில்லை. கூடங்கள் கைவிட்ட இயந்திரங்களை ஆர்வலர் தேடி வாங்கினர். தேய்ந்த றப்பரை மாற்றினர். கருகிய சுருள்களைப் புதுப்பித்தனர். ஆட்ட ஆர்வலரின் தரவரிசைகளில் ‘மெடீவல் மட்னெஸ்’ நெடுங்காலம் முதல் இடங்களிலே நின்றது. அதற்குக் கேட்கப்பட்ட விலை, புதிய பெட்டியொன்றின் விலையையும் விஞ்சி உயர்ந்தது. அந்த வேட்கையின் பயனாக, 2015இல் சிக்காகோ கேமிங் கொம்பனி அவ்வியந்திரத்தை மீண்டும் செய்து வெளியிட்டது. தொழிற்சாலை மூடப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் சென்ற பின், அதே பலகை, அதே கோட்டை, அதே குரல்கள், அதே விதிகள் மறுபிறப்பெய்தின. உள்ளிருந்த மின்னணுப் பகுதிகளும் விளக்குகளும் மட்டுமே இக்காலத்துக்கு ஏற்ப மாறின. அந்த முயற்சி வெற்றி பெற்றதால், ‘அற்றாக் ஃபுறொம் மார்ஸ்’, ‘கக்ரஸ் கன்யன்’ முதலியனவும் பின்னர் மறுவார்ப்புப் பெற்றன. நான் கூடத்திற் கண்டதும் மூலப் பெட்டியன்று, இந்த மறுவார்ப்பே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய முறையை இங்கு நினைத்துக்கொண்டேன். ஓலை செல்லரிக்கும், எழுதியவனும் மறைவான், ஆனால் பாடல் தகுதியுடையதாயின், புதிய ஓலையிலே அதனைப் பெயர்த்தெழுத ஒருவன் எங்கிருந்தோ வருவான். ஓலை மாறும், எழுத்து மாறாது. தகுதியற்றதைப் பெயர்த்தெழுத எவனும் தன் கண்ணொளியைச் செலவிடான்.

எடி ஒளித்திரை விளையாட்டுத் துறையிற் பல்லாண்டு பணிசெய்து, 2019இல் ‘ஸ்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் இயந்திரத்தோடு பின்போலுக்கு மீண்டார். ஷீற்ஸ் 2022 சனவரியிற் காலமானார். அவர் வகுத்த விதிகள் இன்றும் கூடங்களிலும் வீடுகளிலும் இயங்குகின்றன. அவர் பெயரையே அறியாத சிறுவன் ஒருவன் இறுதிப் போரை எட்டும்போது, அவரோடுதான் ஆடுகிறான்.

அன்று நான் என் முதல் மூன்று குண்டுகளையும் இரண்டு நிமிடத்துக்குள் இழந்தேன். பதற்றத்தில் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தியதே காரணம். கூடத்தைப் பராமரித்த முதியவர் ஒருவர் அருகே வந்து, “அவசரப்படாதீர்கள். துடுப்பை உயர்த்திப் பிடியுங்கள். குண்டு அதன்மேல் வந்து ஓய்ந்து நிற்கும். பிறகு பார்த்து அடியுங்கள்” என்றார். அவர் சொன்னபடி செய்தேன். அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே குண்டு ஓரிடத்தில் அசையாது நின்றது. அந்த ஒரு கணத்தில், எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் என்னிடம் இருந்தது. நியூ யோர்க் மன்றத்திலே றொஜர் ஷார்ப் மெய்ப்பிக்க முயன்றது இதுதான் என்று உணர்ந்தேன்.

நாலாவது ஆட்டத்தில் ஒரு கோட்டை வீழ்ந்தது. கோபுரங்கள் சாய்ந்தன, பிள்ளைகள் கைதட்டினர். வீணோ என்று நான் கேட்ட வினாவுக்கு விடை அங்கேயே இருந்தது. தொழிற்சாலையை மூடியோர் தம் கணக்கின்படி சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன், விற்பனை தேய்ந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், ஒரு தூக்குப்பாலம் எவ்வளவு மெல்ல இறங்க வேண்டும் என்று எவரோ சிந்தித்துச் செய்த உழைப்பு, கடல் கடந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியனின் விரல்நுனி வரை வந்து சேர்ந்திருந்தது.

நான் விலகி அடுத்தவருக்கு இடம் விட்டேன். சாய்ந்த கோபுரங்கள் தாமாகவே நிமிர்ந்தன. தூக்குப்பாலம் மீண்டும் மேலெழுந்து வாயிலை மூடிக்கொண்டது.